பில்டர் கொடுக்கும் ஃபேனும், எழுதி வாங்க வேண்டிய வேலையும்

சென்னையின் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு ஊரில் 500 வீட்டு அடுக்ககத்துக்குப் பூமி பூஜை போட்டால், அடுத்து என்னென்ன வரும் என்று அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு தொகை, அரசுப் பள்ளிக்கு நாலு ஃபேனும் ஒரு ஆர்ஓ மெஷினும், பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு முதுகில் கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட், பஸ் ஸ்டாப்பில் ஒரு நிழற்குடை. இதை நான் கிண்டல் பண்ணவில்லை. ஃபேன் ஓடினால் பிள்ளைகளுக்குக் காற்று வரத்தான் செய்கிறது. ஆனால் மூணு வருஷம் கழித்து அதே அடுக்ககத்தின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவர், தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்ப்பவர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுபவர், இவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் கிடைக்காது. அப்படி ஒரு கணக்கை வைத்திருக்கச் சொல்லி யாரும் எழுதி வாங்கவில்லை.

எழுதி வாங்க முடியுமா என்றால், முடியும். வாங்கியிருக்கிறார்கள். அதில் நன்றாக முடிந்த கதை ஒன்றும் சொதப்பிய கதை ஒன்றும் அமெரிக்காவில் இருக்கின்றன, நாலு வருஷ இடைவெளியில். நம்மூர் விஷயத்துக்கு வருவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடலாம்.

1999 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற விளையாட்டு அரங்கம் திறந்தது. கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், லேக்கர்ஸ் அணியின் அரங்கம். இப்போது கிரிப்டோ டாட் காம் அரீனா என்று பேர் மாறிவிட்டது. அது கட்டப்பட்டபோது அங்கிருந்த வாடகைக் குடும்பங்கள் சில வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. திறந்த பிறகு, ஆட்டம் நடக்கிற ராத்திரிகளில் சொந்தத் தெருவிலேயே வண்டி நிறுத்த இடமில்லாமல் அக்கம்பக்கத்தார் அலைந்தார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், குறைந்த கூலி, வாடகை வீடு. அரங்கத்தைக் கட்டிய அதே கம்பெனி அதற்குப் பக்கத்திலேயே ஹோட்டல், தியேட்டர், கடைகள், அடுக்ககம் எல்லாம் சேர்ந்த இன்னொரு பெரிய திட்டத்தை, பின்னாளில் எல்ஏ லைவ் என்று பேர் எடுத்ததை, கையில் எடுத்தபோது இந்த மக்கள் பட்ட அனுபவத்தோடு தயாராக இருந்தார்கள்.

ஏறக்குறைய முப்பது அமைப்புகள் சேர்ந்து ஃபிகரோவா காரிடார் கூட்டணி என்று ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். வாடகைதாரர்கள், தேவாலயங்கள், சுற்றுச்சூழல்காரர்கள், அப்புறம் முக்கியமாகத் தொழிற்சங்கங்கள். கம்பெனி பொதுவாகச் சங்கத்தோடு தனியாகப் பேசி முடித்துவிட்டு வாடகைதாரர்களைக் கழற்றிவிடும், அல்லது நேர்மாறாகச் செய்யும். இங்கே ரெண்டு தரப்பும் ஒரே மேசையில் ஒரே பக்கம் உட்கார்ந்தன. இன்னொரு பக்கம் கம்பெனிக்கு அவசரம்: மாநகராட்சியின் அனுமதியும் மானியமும் வேண்டும், ஆனால் மேயரின் பதவிக்காலம் 2001 நடுவில் முடிகிறது, புது ஆட்கள் வந்தால் மறுபடி முதலிலிருந்து. பேரம் பேசுகிறவனுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. 2001 மே மாதம் கம்பெனிக்கும் கூட்டணிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமூகப் பலன் ஒப்பந்தம் என்று இதற்குப் பேர்.

அதில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. பூங்காவுக்கும் விளையாட்டு இடத்துக்கும் 10 லட்சம் டாலர். திட்டத்தில் வரும் வீடுகளில் 20 சதவீதம் குறைந்த வருமானக்காரர்கள் கொடுக்கக்கூடிய வாடகையில். லாப நோக்கமில்லாமல் வீடு கட்டும் அமைப்புகளுக்கு 6,50,000 டாலர் வட்டியில்லாக் கடன். திட்டத்தில் உருவாகும் நிரந்தர வேலைகளில் 70 சதவீதம் குடும்பம் நடத்தப் போதுமான கூலி உள்ளதாக இருக்க வேண்டும் என்ற இலக்கு. உள்ளூர் ஆட்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஆரம்பப் பணமாக 1,00,000 டாலர். எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கெல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வரி: தெருவாசிகளுக்கு மட்டும் வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு கொடுக்கும் திட்டத்துக்கு, 5 வருஷத்துக்கு, வருஷம் 25,000 டாலர். கோடிகள் புரளும் ஒப்பந்தத்தில் இது சில்லறைக் காசு. ஆனால் அந்த வரி அங்கே இருப்பதைப் பார்த்தாலே, ராத்திரி வண்டியை நிறுத்த இடம் தேடி நாலு சுற்று சுற்றிய ஆள் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார் என்று தெரிகிறது. கம்பெனியின் விளம்பரப் பிரிவு தானாக யோசித்து இதை எழுதாது.

வேலை விஷயத்தில் அவர்கள் வைத்த ஏற்பாடும் கவனிக்க வேண்டியது. "உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை" என்று பொத்தாம்பொதுவாக எழுதவில்லை. யார் உள்ளூர்? அரங்கம் கட்டியபோது வீடு இழந்தவர்கள், அப்புறம் திட்டத்திலிருந்து 3 மைலுக்குள் குடியிருப்பவர்கள் என்று வரையறை வைத்தார்கள். அங்கே வரப்போகும் ஹோட்டலோ கடையோ ஆள் எடுக்கும்போது முதலில் உள்ளூர் வேலைப் பதிவு மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், அங்கிருந்து வரும் ஆட்களைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. தகவல் முதலில் யாருக்குப் போகிறது என்பதை மட்டும் மாற்றினார்கள். வேலை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், பாதி வேலைகள் காலியாக இருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்குள் யாரோ ஒருவரின் மச்சானுக்குப் போயிருக்கும்.

பதிலுக்குக் கூட்டணி என்ன கொடுத்தது? திட்டத்தை எதிர்க்க மாட்டோம், பொதுவெளியில் ஆதரிப்போம் என்று கையெழுத்துப் போட்டது. கம்பெனிக்கு அது பணத்தைவிடப் பெரிய விஷயம். வழக்கு, ஆர்ப்பாட்டம், இழுபறி எல்லாம் மிச்சம்.

இனி சொதப்பிய கதை. நியூயார்க்கின் புரூக்ளினில் 22 ஏக்கரில் ஒரு கூடைப்பந்து அரங்கமும் பதினாறு கோபுரங்களும் கட்டப் போவதாக ஃபாரஸ்ட் சிட்டி ராட்னர் என்ற கம்பெனி 2003 டிசம்பரில் அறிவித்தது. அட்லாண்டிக் யார்ட்ஸ் என்று பேர். லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரியே இங்கேயும் சமூகப் பலன் ஒப்பந்தம் போடுகிறோம் என்று 2005 ஜூனில் எட்டு அமைப்புகளோடு கையெழுத்துப் போட்டார்கள், மேயர் புளூம்பெர்க் முன்னிலையில், கேமராக்களோடு. காகிதத்தில் நன்றாகவே இருந்தது. வாடகை வீடுகளில் பாதி மலிவு வாடகையில், கட்டுமான வேலையில் 35 சதவீதம் சிறுபான்மையினர், 10 சதவீதம் பெண்கள்.

கையெழுத்துப் போட்ட எட்டு பேர் யார் என்பதில்தான் சிக்கல். அவர்களில் சிலர் திட்டம் அறிவித்த பிறகு முளைத்த அமைப்புகள். வேலைப் பயிற்சிக்குப் பொறுப்பேற்ற அமைப்பு கம்பெனியிடமே பணம் வாங்கியது. ஒப்பந்தப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கச் சுதந்திரமான கண்காணிப்பாளர் ஒருவரைக் கம்பெனி சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நியமிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டவர்கள் அதைக் கேட்டு வழக்குப் போடவும் இல்லை. சோறு போடுகிறவனை எப்படிக் கேட்பது? கடைசியில் 2011-இல் அந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களில் சிலர், பயிற்சி முடிந்தால் தொழிற்சங்க உறுப்பினர் அட்டையும் வேலையும் நிச்சயம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று நீதிமன்றம் போனார்கள். அடுத்த வருஷம் அரங்கம் ஜோராகத் திறந்தது. அங்கே கிடைத்த வேலைகள் பெரும்பாலும் ஆட்டம் நடக்கிற நாளில் மட்டும் கூப்பிடும் பகுதிநேர வேலைகள். அதே 2012-இல் பயிற்சி கொடுத்த அமைப்பும் கடையைச் சாத்தியது.

இதில் இன்னொரு பாடம் எண்களைப் பற்றியது. 15,000 கட்டுமான வேலைகள் வரும் என்று சொன்னார்கள். கூர்ந்து பார்த்தால் அது வருஷத்துக்கு 1,500 பேர், பத்து வருஷம். அதாவது ஒரே கொத்தனார் பத்து வருஷம் அங்கே வேலை பார்த்தால் அது பத்து வேலை. கணக்கில் தப்பு இல்லை, கட்டுமானத் துறையில் இப்படி எண்ணுவது வழக்கம்தான். ஆனால் ஊர்க் கூட்டத்தில் அதைக் கேட்டுக் கைதட்டியவர் 15,000 ஆட்களுக்கு வேலை என்றுதான் நினைத்திருப்பார். நம்மூரில் ஒரு திட்டம் "இத்தனை ஆயிரம் வேலைவாய்ப்பு" என்று அறிவிக்கப்படும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி, அங்கே இதற்குச் சட்டமே இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் உள்ளூராட்சி மன்றமும் பில்டரும் ஒப்பந்தம் போடலாம்: இத்தனை மலிவு வீடு, இத்தனை பேருக்குத் தொழிற்பயிற்சி, பள்ளிக்கு இவ்வளவு பணம். இதில் அழகு என்னவென்றால் அந்தக் கடமை ஆளோடு போகாது, நிலத்தோடு போகும். பில்டர் பாதியில் இடத்தை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டாலும் வாங்கியவர் தலையில் அது உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மேல் 2010 முதல் உள்கட்டமைப்புக்கு ஒரு தனி வரியும் வசூலிக்க மன்றங்களுக்கு வழி இருக்கிறது. அதில் 15 சதவீதம் திட்டம் நடக்கும் அந்தப் பேட்டைக்கே செலவாக வேண்டும், தங்கள் பகுதிக்கென்று முறையாகத் திட்டம் எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய ஊராக இருந்தால் 25 சதவீதம். லண்டன் கிங்ஸ் கிராஸ் பழைய ரயில்வே நிலங்களைப் புதுப்பித்தபோது அங்கேயே கட்டுமானத் திறன் பயிற்சி மையம் ஒன்று நடந்தது. பயிற்சி ஒரு இடம், சைட் வேறு இடம் என்றில்லாமல், கற்றுக்கொள்ளும் பையன் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தால் வேலை தெரியும்.

நம்மூருக்கு வருவோம். இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது, துண்டு துண்டாக நிறைய இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் 10 சதவீதத்தை ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு, நிலமாகப் பொதுப் பயன்பாட்டுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000-க்கு மேல் 10,000 வரை என்றால் நிலமாகவோ அதன் கைடுலைன் மதிப்பைப் பணமாகவோ கொடுக்கலாம். பல இடங்களில் அந்தப் பூங்கா எப்படியோ அடுக்ககத்தின் காம்பவுண்டுக்குள்ளேயே இருப்பது போலத் தோற்றம் கொடுக்கும், வெளியிலிருந்து போனால் செக்யூரிட்டி யாரைப் பார்க்கணும் என்பார். அது ஊர்ச் சொத்து. அவரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டியதே இல்லை.

அப்புறம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவாரியத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இலேயே வந்துவிட்டது, மத்தியச் சட்டத்துக்கு ரெண்டு வருஷம் முன்னால். இந்த விஷயத்தில் நாம் முன்னோடிதான். நாடு முழுக்கப் பார்த்தால் கதை அவ்வளவு நன்றாக இல்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தது, செலவானது சுமார் 9,500 கோடி. தொழிலாளர் பேரில் வாங்கிய பணத்தில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கியதாக ஒரு விவரமும் அந்த வழக்கில் வந்தது. பணம் ஒதுக்குவது வேறு, அது ஆளைப் போய்ச் சேர்வது வேறு. உங்கள் தெருவில் ஒரு சித்தாளிடம் நலவாரிய அட்டை இருக்கிறதா, இருந்தால் புதுப்பித்திருக்கிறாரா என்று கேட்டாலே பாதி நிலவரம் புரிந்துவிடும். ஒரு பில்டர் நிஜமாகவே உதவ நினைத்தால், காசே செலவில்லாத முதல் உதவி இது: சைட்டில் மாதம் ஒரு நாள் பதிவு முகாம். வருஷத்தில் 90 நாள் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும், அந்தக் கையெழுத்து மேஸ்திரிகளிடம் கெஞ்ச வேண்டிய விஷயமாக இருக்கக் கூடாது.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் கடந்த 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும், உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை என்றும் இருக்கிறது. ஆனால் நம் பில்டர்களில் எத்தனையோ பேர் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்). அவர்களுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. கம்பெனியாக இருந்தாலும் சிஎஸ்ஆர் என்பது வருஷாந்திரச் செலவு. இந்த வருஷம் இந்த ஊர், லாபம் குறைந்தால் அடுத்த வருஷம் எதுவுமில்லை. எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவர்களேதான். அதனால்தான் ஃபேன் வருகிறது.

ஆக நம்மிடம் நிலத்துக்குச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் நலனுக்குச் சட்டம் இருக்கிறது, பெரிய கம்பெனியின் தர்மத்துக்குக்கூடச் சட்டம் இருக்கிறது. பக்கத்துத் தெருக்காரருக்கு அந்தக் கட்டடத்தில் வேலை என்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பார்க்கக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனால் போதும். சென்னையின் நடுவில் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து கொண்டுவந்து ஓஎம்ஆர் ஓரத்தில் குடிவைத்தார்கள். வீடு கிடைத்தது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. சுற்றிலும் ஐடி கம்பெனிகளும் அடுக்ககங்களும் வளர்ந்தன, அங்கே இந்தப் பெண்கள் நிறையப் பேர் ஹவுஸ்கீப்பிங்கும் வீட்டு வேலையும் செய்கிறார்கள்தான். ஆனால் இடையில் ஒரு மேன்பவர் ஏஜென்சி, அதற்குக் கீழே ஒரு சூப்பர்வைசர், வருஷம் முடிந்தால் ஏஜென்சி மாறும், ஆளும் மாறுவார். இளைஞர்கள் முகவரியைச் சொன்னதும் இன்டர்வியூவில் முகம் மாறும் என்று அங்கே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஊர்ப் பேரே தடையாக இருக்கிற இடத்தில் "தகவல் முதலில் இங்கே வரட்டும்" என்ற அந்த லாஸ் ஏஞ்சலிஸ் வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பில்டர் நாளைக்கே செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். கட்டுமானம் நடக்கும் மூணு வருஷ வேலையைவிட, கட்டி முடித்த பிறகு முப்பது வருஷம் இருக்கப் போகும் வேலைகள்தான் ஊருக்குப் பெரிசு: எலக்ட்ரீஷியன், பிளம்பர், சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், தோட்டம், பராமரிப்பு அலுவலகம். அஸ்திவாரம் தோண்டும்போதே ஊரில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து ஐடிஐயிலோ சைட்டிலோ பயிற்சி கொடுக்க ஆரம்பித்தால், வயரிங் வேலை வரும்போது அவர்கள் கை பழகியிருக்கும், சாவி கொடுக்கும்போது அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு குழாயும் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த ஆட்களாக இருப்பார்கள். இது தர்மம்கூட இல்லை, வீடு வாங்கியவருக்கும் லாபம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் வேலை சப்-கான்ட்ராக்டரிடம் போய், அங்கிருந்து லேபர் கான்ட்ராக்டரிடம் போய், கடைசியில் யாரிடமும் 30 பேர் இருப்பதில்லை.

வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பில்டர் ஒன்றிரண்டு வருஷம் பராமரித்துவிட்டு அடுக்ககத்தை உரிமையாளர் சங்கத்திடம் ஒப்படைத்துவிடுவார். சங்கத்துக்கு ஊரோடு எந்த ஒப்பந்தமும் கிடையாது, முதல் பொதுக்குழுவிலேயே பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்க விலை குறைவான ஏஜென்சியைத் தேடுவார்கள். அதனால் உள்ளூர் வேலை என்ற சொல் பராமரிப்பு கான்ட்ராக்டிலும், வீடு விற்கும் பத்திரத்திலும், சங்கத்தின் விதிகளிலும் ஏறியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் நிலத்தோடு போகிற கடமையை நாம் காகிதத்தோடு போகவைக்கலாம்.

உள்ளூர் என்று சொல்லும்போது வெளிமாநிலத் தொழிலாளரை விரட்டும் பேச்சாக இது திரும்பிவிடக் கூடாது, திருப்ப ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தூங்கிக் கட்டடத்தை எழுப்புகிறவர்கள் அந்த மூணு வருஷம் அந்த ஊர்க்காரர்கள்தான். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் சைட்டில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996-இன் மத்தியக் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தக் காப்பகத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்து, வேலை முடிந்ததும் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகாமல் அங்கன்வாடிக்கு விட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

நன்கொடை கொடுப்பதில் என் கட்சி ஒன்றே ஒன்று: கட்டடம் கட்டித் தராதீர்கள், ஓட்டுகிற செலவைக் கொடுங்கள். கல்வெட்டில் பேர் பொறித்த நூலகத்துக்கு எல்லோரும் வருவார்கள், நூலகருக்கு அஞ்சு வருஷச் சம்பளம் கொடுக்க ஒருத்தரும் வர மாட்டார்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் வருஷா வருஷம் வந்தால் மாலை டியூஷன் நடக்கும், கபடி கோச்சுக்குப் படி கிடைக்கும். யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பில்டரும் முடிவு செய்யக் கூடாது, பில்டரோடு டீ குடிக்கும் நாலு பெரியவர்களும் முடிவு செய்யக் கூடாது. புரூக்ளினில் நடந்தது அதுதான்.

பின்னே யார் பேசுவது? மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பஞ்சாயத்துகளில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பை, 100 நாள் வேலை என்று முடிந்துவிடும். அங்கே ஒரு தீர்மானம் போட்டால் பில்டரைச் சட்டப்படி கட்டுப்படுத்துமா என்றால் கட்டுப்படுத்தாது. ஆனால் பிளானிங் பர்மிஷனுக்கும் தண்ணீர் இணைப்புக்கும் சாலை வெட்டுவதற்கும் அலைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு ஊர் ஒரே குரலில் என்ன கேட்கிறது என்பது முக்கியம், முக்கியமாக முதல் கல் வைப்பதற்கு முன்னால். கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டால் ஃபேன்தான் கிடைக்கும்.

கேட்பதையும் சின்னதாகவே தொடங்கலாம். சைட்டுக்கு வெளியே பர்மிஷன் விவரம் எழுதிய பலகை வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அதே பலகையில், இந்த மாதம் இந்த ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இத்தனை பேர், இத்தனை நாள் என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லலாம். பெயின்டர் அங்கேதான் இருக்கிறார், பத்து நிமிஷ வேலை.